ஊக்கு அக்கா பூட்டிய பெண்

கல்யாணப் பெண்ணுக்கு உடை கட்டுவதில் ஊக்கு அக்காவை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது. இதை அவளே சொல்வாள். பிறர் சொல்லட்டும் என்று காத்திருக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. உதட்டிடுக்கில் நாலைந்து ஊக்குகளைக் கவ்விக்கொண்டே பேசுவாள், திட்டுவாள், சிரிப்பாள், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கி அடுத்த கல்யாணத்துக்கு நேரம் குறிப்பாள்.

"அக்கா, ஒண்ணை முழுங்கிட்டா என்ன ஆகும்?" என்று போட்டோக்காரர் ஒருமுறை கேட்டார்.

"உள்ள போயும் எதையாவது மடிச்சுக் குத்திட்டுத்தான் வரும்" என்றாள்.

அவள் கட்டினால் பட்டு வெறும் துணியாக இருக்காது, பலகையாக இருக்கும். உள்ளே இரண்டு பாவாடை, அவற்றை இறுக்கும் நாடா, அதன்மேல் கனத்த பட்டு, மடிப்புக்கு மடிப்பு ஊக்கு, அந்த ஊக்கு தெரியாமலிருக்க இன்னொரு மடிப்பு, அதற்கும் ஊக்கு. கடைசி ஊக்கு ஏறியதும் பெண்ணை இரண்டு தோளிலும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குவாள். எதுவும் அசையாது. "பூட்டியாச்சு" என்பாள். அதற்குப் பிறகு கடைசிப் போட்டோ எடுத்து முடிகிறவரை அந்தப் பூட்டை யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் முதலிலிருந்து கட்ட வேண்டும். முதலிலிருந்து கட்ட அவள் வரமாட்டாள்.

ஆகவே பெண் தண்ணீர் குடிக்கக் கூடாது. இதுதான் அவளுடைய சட்டம். முதல் நாள் சாயங்காலமே பெண்ணின் அம்மாவுக்குப் போன் வந்துவிடும். "ராத்திரிச் சாப்பாட்டோட தண்ணிக்கு முழுக்குப் போட்டுடணும். காபி, ஜூஸ், ஒண்ணும் கூடாது. உதடு காஞ்சா என்கிட்ட பஞ்சு இருக்கு." பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவாள், சாயம் கலையாமல். அந்தப் பஞ்சைச் சப்பப் பார்க்கும் பெண்களும் உண்டு. அவர்களுக்குக் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு விழும். செல்லம் கொஞ்சம் பலமாகவே இருக்கும்.

அம்மாமார்களுக்கு இந்தச் சட்டம் பிடித்திருந்தது. பெண் நடுவில் எழுந்து ஓடாமல் பொம்மைபோல உட்கார்ந்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் அடக்கமான பெண் என்பார்கள். அடக்கம்தான், வேறு எதை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஊக்கு அக்கா இந்த வித்தையைக் கற்றது ஒரு துணிக்கடையில். கல்யாணமான புதிதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். வாடிக்கையாளர் பிரித்துப் போட்டதையெல்லாம் நாள் முழுக்க மடித்து அடுக்க வேண்டும். பெண்களுக்கான கழிப்பறை குடோனுக்குப் பின்னால்; சாவி மேனேஜர் இடுப்பில். போய்க் கேட்டால், "இப்பதானேம்மா போன? குழாயா வெச்சிருக்க?" என்று நாலு பேர் காதில் விழுகிறமாதிரி கேட்பான். இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கக் கூடாது என்று தண்ணீரை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்குகிறவரை ஒருதடவைகூடப் போகாமல் இருக்கப் பழகிக்கொண்டாள். மேனேஜரே மற்றப் பெண்களுக்கு அவளைக் காட்டி, "இதைப் பாருங்க, இதுதான் ஆளு" என்றான். வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சிறுநீர் எரிச்சல் அவளுக்கும் வந்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் போய்விட்டு வந்து, அடிவயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுப்பாள். "சூடு" என்பாள். அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். சுற்றுலாப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணவன் ஒருநாள் பயணிகளை இறக்கிவிட்டு, ஒருத்தியை மட்டும் இறக்காமல் அவளோடு ஓடிப்போனான். அதற்கும் யாரோ "அவனுக்கு உடம்புல சூடு அதிகம்" என்றுதான் சொன்னார்கள்.

கல்யாணம் முடிந்து நாலைந்து நாளில் பெண் வீட்டிலிருந்து போன் வருவது சகஜம். போட்டோ நன்றாக வந்திருக்கிறது என்பார்கள், அப்புறம் குரலைத் தாழ்த்துவார்கள். "புதுப்பொண்ணுக்கு நீர்க்கடுப்பாம் அக்கா." மறுமுனையில் ஒரு சிரிப்பு. இந்த முனையிலும் சிரிப்பு. "மாப்பிள்ளை வேகம் அப்படி" என்பாள் ஊக்கு அக்கா. இரண்டு பக்கமும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வைப்பார்கள். முதல் நாள் ராத்திரியிலிருந்து தண்ணீர் காணாத பெண், பகல் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்த பெண், அதே இரவில் புது ஆளோடு படுத்து, எழுந்து போக வெட்கப்பட்டு, மாமனார் படுத்திருக்கும் கூடத்தைத் தாண்டித்தான் கழிப்பறை என்பதால் விடிகிறவரை சுருண்டு கிடந்த பெண். இவ்வளவும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பெண்ணும் அதைத்தான் சொன்னாள். ஊக்கு அக்கா சேர்த்துப் பார்க்கவில்லை. அவள் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரே மகள். டயர்க் கடையில் பில் போடுகிற வேலை. அங்கே மெக்கானிக்குகளுக்கும் அவளுக்கும் ஒரே கழிப்பறை, தாழ்ப்பாள் உடைந்தது, உள்ளே உட்கார்ந்து ஒரு காலால் கதவை மிதித்துக்கொள்ள வேண்டும். "எதுக்குப் போகணும்? என்னைப் பாரு" என்றாள் அம்மா. மகளும் பார்த்தாள், பழகினாள். எரிச்சல் வந்தபோது மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கினாள். இரண்டு நாளில் எரிச்சல் தணிந்தது. மிச்ச மாத்திரையை அம்மா வாங்கிப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்தாள். "வீணாக்காதே, அடுத்த தடவைக்கு ஆகும்." அடுத்த தடவை வந்தது. அந்த மிச்சத்தைப் போட்டாள். அதுவும் அரையும் குறையுமாகத் தணிந்தது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஊக்கு அக்கா ஆள் மாறிப்போனாள். இத்தனை வருஷம் ஊரான் வீட்டுப் பெண்களுக்குக் கட்டியவள், தன் பெண்ணுக்குக் கட்டப் போகிறாள். போட்டோக்காரர் கடை வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. அதில் இருக்கிற நடிகை மாதிரி பெண்ணை எடுத்துவிட்டு அவள் மகளின் படத்தைப் போடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். "மண்டபத்துல பொண்ணு நிக்கணும் பாரு, சிலை எழுந்து வந்த மாதிரி" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னாள்.

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்தின் பெண்வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்ட ஆரம்பித்தாள். மகள் முகம் வெளுத்திருந்தது. அதற்குத்தான் கன்னத்தில் பூச ரோஸ் பவுடர் இருக்கிறதே.

"அம்மா, மறுபடி போயிட்டு வரேன்."

"இப்பதானேடி போன?" என்றாள் அம்மா. அந்த மேனேஜர் சொன்ன அதே குரல் அது. அவளுக்குக் கேட்கவில்லை.

"போனா வரல. சொட்டு சொட்டாத்தான் வருது. கத்தி போட்டு அறுக்கிற மாதிரி எரியுது. எந்திரிச்சு வந்த உடனே மறுபடி வர்ற மாதிரி இருக்கு. நாலஞ்சு நாளாவே இப்படித்தான். கலங்கலா இருக்கு, நாத்தம் அடிக்குது."

"உடம்பு சூடு. கல்யாணப் பொண்ணுன்னா பயத்துல எல்லாருக்கும் அப்படித்தான். வாசனைத் தண்ணி ஊத்திக் கழுவினியா?"

இதுவும் அக்காவின் சரக்கு. ஒரு பாட்டிலில் வாசனைத் திரவம் வைத்திருந்தாள். உடை ஏறுமுன் ஒவ்வொரு பெண்ணும் அதில் கழுவிக்கொள்ள வேண்டும்.

"கழுவினேன். அதுல இன்னும் எரியுது."

"எரிஞ்சாத்தான் கிருமி சாகுதுன்னு அர்த்தம்."

"முதுகு வலிக்குதும்மா. இங்க, இந்தப் பக்கம் மட்டும். விலா எலும்புக்குக் கீழ."

"நேத்து ராத்திரி கோணலாப் படுத்திருப்ப. நிமிர்ந்து நில்லு, மடிப்பு கலையுது."

"கொஞ்சம் தண்ணியாவது குடும்மா."

அம்மா பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாள். மகள் பஞ்சைச் சப்பவில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை கொதித்தது. ஊக்கு அக்கா அதை உணர்ந்தாள். உணரவில்லை என்று பின்னால் எவ்வளவோ தடவை சொல்லிப் பார்த்தும் அவளாலேயே நம்ப முடியவில்லை. அப்போது அவள் செய்தது இதுதான்: பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், கடைசி ஊக்கை ஏற்றினாள், தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"பூட்டியாச்சு. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோ. எத்தனை பேரு பொறுத்திருக்காங்க, நீ என்ன ஒசத்தியா?"

மேடையில் பெண் அழகாக இருந்தாள். இதில் பொய் கிடையாது. காய்ச்சல் கன்னத்தில் ஏறிச் சிவந்தது, கண் பளபளத்தது, தலை தானாகக் குனிந்தது. "வெட்கத்தைப் பாரு" என்றார்கள். "இந்தக் காலத்துல இப்படி வெட்கப்படற பொண்ணா?" என்றார்கள். குளிரில் அவள் உடம்பு நடுங்கியது, நகைகள் கிலுகிலுத்தன. "மாப்பிள்ளை, பக்கத்துல உக்காந்ததுக்கே இப்படியா?" என்று ஒரு பெரியப்பா கத்தினார். மண்டபம் சிரித்தது. மாப்பிள்ளை, பாவம், பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டான். மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா என்று பெண் அவன் காதில் கேட்டாள். அவளாகப் பேசிய முதல் வார்த்தை அது. ஏதோ கொஞ்சல் என்று நினைத்து அவன் சிரித்தான்.

அம்மா இடையிடையே மேடையேறி வியர்வையை ஒற்றி, அதன்மேல் பவுடர் போட்டாள்.

"அம்மா, வாந்தி வருது."

"முழுங்கு. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

மாப்பிள்ளை சொந்தக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஏறி, நின்று, சிரித்து, இறங்கியது. போட்டோக்காரர் "மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார். பெண் தூக்கினாள். அப்போதுதான் அடக்கி வைத்திருந்தது தன் இஷ்டத்துக்கு இறங்கியது. இரண்டு பாவாடையும் கனத்த பட்டும் சேர்ந்து முதலில் மறைத்தன. பிறகு பட்டு கருத்துக்கொண்டே வந்தது, மேடைத் துணிவரை. முன்வரிசையில் ஒரு பெண் பார்த்துவிட்டாள். பக்கத்திலிருந்தவளின் தொடையைக் கிள்ளினாள். கிள்ளு வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

ஊக்கு அக்கா ஓடினாள். மகளைப் பிடிக்க அல்ல. மேடையோரத்தில் இருந்த பூத்தொட்டியை நகர்த்தி அந்த இடத்துக்கு முன்னால் வைத்தாள். அவள் நிமிர்ந்தபோது மகள் தொட்டியின் மேலேயே சரிந்துகொண்டிருந்தாள்.

காரில் மாப்பிள்ளையின் அம்மா முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பின்சீட்டு ஈரமாகும் என்று தெரிந்திருந்தது. "நோயாளியைத் தலையில கட்டிட்டீங்களே சம்பந்தி. அதுவும் என்ன நோயோ, எங்கேருந்து வந்த நோயோ" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. ஊக்கு அக்காவின் மடியில் மகள் தலை. பற்கள் தந்தியடித்தன. அம்மா தன் கையை அவள் வாயருகே வைத்தாள், கடித்துக்கொள்ளட்டும் என்று. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவசரப் பிரிவில் நர்ஸ் ஒருத்தி உடையைப் பார்த்தாள், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் டிரேயிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள்.

"வெட்டாதீங்க! நான் கட்டினது, நானே அவுக்கறேன்."

ஊக்கு அக்காவின் விரல்கள் பட்டின்மேல் அலைந்தன. எந்த ஊக்கை எதற்குள் ஒளித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்றைப் பிடுங்கினால் அடியில் இன்னொன்று. நர்ஸ் அவளை முழங்கையால் ஒதுக்கிவிட்டு இடுப்பிலிருந்து கால்வரை ஒரே வெட்டாக வெட்டினாள். நாடா அறுந்தபோது மகளிடமிருந்து ஒரு மூச்சு வந்தது. இடுப்பைச் சுற்றி நாடா பதிந்த தடம் கன்றிச் சிவந்திருந்தது. நர்ஸின் விரலில் ஒரு ஊக்கு ஏறிவிட்டது. "யாரு இந்தப் பொண்ணை இப்படித் தெச்சு வெச்சது?" என்றாள் விரலைச் சூப்பிக்கொண்டு.

ஊக்கு அக்கா தரையில் சிதறிய ஊக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

டாக்டர் சின்னப் பெண். தூக்கமில்லாத முகம். முதுகில், விலாவுக்குக் கீழே லேசாகத் தட்டினாள், மகள் அலறினாள்.

"எத்தனை நாளா எரிச்சல்?"

"இன்னிக்குக் காலையிலதான் சொன்னா டாக்டர்" என்றாள் ஊக்கு அக்கா.

"நாலஞ்சு நாளா" என்றாள் மகள் படுக்கையிலிருந்து.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"அம்மாகிட்ட சொன்னேன்."

டாக்டர் ஊக்கு அக்காவை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு அவளிடம் எதுவும் கேட்கவில்லை. சிறுநீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கையில் ஊசியேற்றி மருந்தை இறக்கினார்கள். ரத்த அழுத்தம் கீழே போனது. சிறுநீர்ப்பையில் இருந்த கிருமி சிறுநீரகம்வரை ஏறி, அங்கிருந்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. சமைத்ததை என்ன செய்வது.

மகள் பிழைத்தாள். அது நிச்சயமாகிறவரை அம்மா வராந்தாவில் பெஞ்சில் இருந்தாள். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

மகள் தலையணையில் சாய்ந்து உட்காரத் தேறியதும் டாக்டர் எல்லாரையும் வைத்துக்கொண்டு பேசினாள். மாப்பிள்ளை கட்டிலின் கால்மாட்டில், தொடாத தூரத்தில் நின்றான்.

"டாக்டர், இது ஒட்டுமா?"

"உங்களுக்கு ஒட்டாது. உங்க உசுரு பத்திரம், பயப்படாதீங்க."

"இல்ல, கேட்டேன்."

சம்பந்தியம்மா தொண்டையைக் கனைத்தாள். "நல்ல பழக்கவழக்கம் இருக்கிற பொண்ணுங்களுக்கு இதெல்லாம் வருமா டாக்டர்? நான் மனசுல பட்டதைக் கேக்கறேன்."

"உங்களுக்கு வந்ததே இல்லையா?"

சம்பந்தியம்மா ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை, பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான்.

"வந்திருக்கும். வராத பொம்பளை குறைச்சல். நம்ம உடம்பு அமைப்பு அப்படி. குழாய் நீளம் கம்மி, பின்வாசல் பக்கத்துலேயே இருக்கு. அதனால கழுவினாலும் துடைச்சாலும் முன்னாலேருந்து பின்னாலதான். பின்னாலேருந்து முன்னால இழுத்தா, கிருமியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விடற மாதிரி. வாசனைத் தண்ணி ஊத்தினதா பொண்ணு சொல்லுது. அது என்ன, கார் கண்ணாடியா, வாசனை போட்டுத் துடைக்க? பச்சைத் தண்ணி போதும்."

டாக்டர் மகளிடம் திரும்பினாள். "தண்ணி குடிக்கணும், வந்தா போகணும். அடக்கினா உள்ள தேங்கி நிக்கும், நின்னா கிருமி பெருகும். எரிச்சல், அடிக்கடி வர்ற உணர்ச்சி, கலங்கல், அடிவயித்து வலி, இதுல எது வந்தாலும் அன்னிக்கே வா. மிச்ச மாத்திரை, பக்கத்து வீட்டு மாத்திரை எதுவும் வேண்டாம். சோதனை பண்ணிட்டுக் குடுக்கறதை முழுசாச் சாப்பிடணும், சரியாப் போச்சுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. அதோட காய்ச்சல், குளிர், ஒரு பக்க முதுகுவலி, வாந்தி சேர்ந்துதுன்னா ஒரு நிமிஷம் தாமதிக்காதே. சிறுநீரகத்துல தழும்பு விழுந்திருக்கலாம். பிள்ளை உண்டானா இன்னும் ஜாக்கிரதை." பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். "நீங்க ஒண்ணா இருந்த பிறகு அவ எந்திரிச்சு பாத்ரூம் போகணும். எங்க போறேன்னு கையைப் பிடிச்சு இழுக்காதீங்க."

மாப்பிள்ளைக்குக் காதுவரை சிவந்தது. அந்தக் கல்யாணத்தில் உண்மையாக வெட்கப்பட்டவன் அவன் ஒருத்தன்தான்.

ஊக்கு அக்காவுக்கு என்று டாக்டர் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. அவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கேட்கக் கேட்க முகங்கள் வரிசையாக வந்தன, பஞ்சைச் சப்பியவர்கள், காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தவர்கள், போனில் நீர்க்கடுப்பாம் என்று சிரிப்போடு சொல்லப்பட்டவர்கள்.

மகளை மாப்பிள்ளை வீட்டுக்கே கூட்டிப்போனார்கள். அம்மா வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு அவள் தலையை மட்டும் அசைத்தாள், இல்லை என்று. சம்பந்தியம்மா, "வந்த மருமகளை விடறதுக்கு நாங்க ஒண்ணும் அப்படிப்பட்டவங்க இல்ல" என்றாள். எப்படிப்பட்டவர்கள் என்பதைக் காரிலேயே சொல்லியிருந்தாள்.

ஊக்கு அக்கா வேலைக்குத் திரும்பியபோது சட்டத்தைத் தலைகீழாக மாற்றினாள். முதல் நாள் சாயங்காலம் போன் போட்டு, "நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்றாள். வாசனை பாட்டிலைச் சாக்கடையில் கொட்டினாள். நாடாவை எடுத்துவிட்டு அகலமான பட்டை வைத்தாள். பின்பக்கம் ஒரு மடிப்பை மட்டும் தனியாகப் பிரிகிறமாதிரி கட்டி, நடுவில் பெண்ணைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், பட்டுப் புடவையைச் சுருட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டு, முழங்காலிட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நிதானமாப் போ கண்ணு. முழுசாப் போ. வெளியில நிக்கறவங்க நிக்கட்டும்."

வெளியில் நின்றவர்கள் நிற்கவில்லை. "கல்யாணத்துக்குக் கட்டினாங்களா, கக்கூசுக்குக் கட்டினாங்களா?" என்றாள் ஒரு அம்மா. மடிப்பு தளர்ந்திருக்கிறது என்றாள் இன்னொருத்தி. ஒரு கல்யாணத்தில் பெண் உள்ளே போயிருந்தபோது முக்கியமான விருந்தாளி வந்துவிட்டுப் போய்விட்டார். பெண்ணின் அப்பா ஊக்கு அக்காவை எல்லார் முன்னாலும் கை நீட்டிப் பேசினார். "தன் பொண்ணு மேடையில போனதுலேருந்து அந்தம்மாவுக்குப் புத்தி கலங்கிப்போச்சு" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவளிடம் ஊக்கு பிடிக்கக் கற்றுக்கொண்ட ஒருத்தி தனியாகத் தொழில் தொடங்கினாள். அவள் கட்டிய பெண்கள் முதல் நாள் ராத்திரியோடு தண்ணீரை நிறுத்தினார்கள், பொம்மைபோல உட்கார்ந்தார்கள். கல்யாணங்கள் அந்தப் பக்கம் போயின.

போட்டோக்காரர் மட்டும் வாக்கைக் காப்பாற்றினார். சரிவதற்குச் சற்று முன்னால், மோவாயைத் தூக்கியபோது எடுத்த படம். இடுப்புவரை வெட்டிப் பலகையில் போட்டார். அதை எடுக்கச் சொல்லி ஊக்கு அக்கா கெஞ்சினாள்.

"இதைப் பாத்துட்டுத்தான் அக்கா ஆளுங்க வர்றாங்க. இந்த மாதிரி முகக்களை வேணும்னு கேக்கறாங்க" என்றார் அவர்.

மகள் போனை எப்போதாவது எடுப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவளாக எதுவும் கேட்க மாட்டாள். ஒருநாள் ஊக்கு அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், தண்ணீர் குடிக்கச் சொல்வதை, தனி மடிப்பை, முழங்காலிடுவதை, தொழில் போனதை. சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

"நல்லதும்மா" என்றாள் மகள். "அப்ப நான் ஒருத்திதான் வீணாப் போகணும்னு இருந்திருக்கு."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஊக்கு அக்கா காலில் விழுந்திருப்பாள்.

மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்தது. அவள் தானாகக் கூப்பிடுகிறவள் அல்ல.

"சும்மாத்தான் கூப்பிட்டேன். அவளுக்கு ரெண்டு நாள் முன்னாடி மறுபடி எரிச்சல் வந்துது. பயப்படாதீங்க, உடனே கூட்டிட்டுப் போயிட்டோம். இந்த நேரத்துல விடக் கூடாதுல்ல."

"எந்த நேரத்துல?"

"உங்களுக்குச் சொல்லலையா? அஞ்சு மாசம். நான் என்னவோ சொல்லியிருப்பான்னு நினைச்சேன்."

ஊக்கு அக்காவுக்குக் கேள்விகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன, எல்லாம் சரியான கேள்விகள். "காய்ச்சல் இருக்கா? குளிருதுன்னாளா? முதுகு, ஒரு பக்கம் வலிக்குதா? வாந்தி? சோதனைக்குக் குடுத்தீங்களா? பிள்ளைக்கு ஆகற மாத்திரையான்னு கேட்டீங்களா?"

"எல்லாம் கேட்டாச்சு, எல்லாம் குடுத்தாச்சு. அதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாளே. காலையில எந்திரிச்சதும் நேரா என்கிட்ட வந்தா. அத்தை, எரியுது, இப்பவே கிளம்புங்கன்னா. நான் அடுப்பை அணைச்சுட்டுக் கிளம்பினேன்." சம்பந்தியம்மாவின் குரல் சற்றுத் தாழ்ந்தது. "அந்தக் காலத்துல நானெல்லாம் யார்கிட்ட போய்ச் சொன்னேன்? செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். இதுங்க பரவாயில்ல."

"என்கிட்ட சொல்லச் சொன்னாளா?"

"சொல்ல வேண்டாம்னுதான் சொன்னா. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க."

"நான் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகட்டுமா? உக்காரக்கூட மாட்டேன். வாசல்லேருந்தே பாத்துட்டு வந்துடறேன்."

போனைக் கையால் மூடுகிற சத்தம் கேட்டது. சரியாக மூடவில்லை. சம்பந்தியம்மா தள்ளி யாரிடமோ கேட்டாள். பிறகு மகளின் குரல், தெளிவாக, திடமாக, நல்ல ஆரோக்கியமான குரல்:

"வேணாம்னு சொல்லுங்க அத்தை."

சம்பந்தியம்மா திரும்பப் போனுக்கு வந்தாள். நாக்கில் எப்போதும் எதையாவது தயாராக வைத்திருப்பவள், இந்தத் தடவை கொஞ்சம் தடுமாறினாள்.

"அவ... தூங்கறா சம்பந்தி. எந்திரிச்சதும் கேட்டுச் சொல்றேன்."

"சரி" என்றாள் ஊக்கு அக்கா. "எழுப்பாதீங்க. நல்லாத் தூங்கட்டும்."